அரை முழம்

உறுதி முடிந்த மறுநாளே
அலவாங்கோடு இறங்கினோம்.
ஒட்டுசுட்டானில் முக்கால் ஏக்கர்.
ஏழு வருடச் சீட்டுக்காசு,
ஒரு சோடி காப்பு.

சேவையர் அடித்துவிட்டுப்போன நாலு கல்லில்
கிழக்குக் கல்லைக் காணவில்லை.
"மழைக்குத் தாண்டிருக்கும் பிள்ளை" என்றார்
பக்கத்துக் காணிப் பூலோகநாதர்.
நாலு மாதமாய் மழையில்லை.

பூலோகத்துக்கே நாதன்,
அரை முழத்துக்கு ஏன் இந்த ஆசை?
நான் கேட்கவில்லை.
தயாபரன்தான் கேட்டான்,
பொய்க்காலைக் குழி விளிம்பில் ஊன்றி,
அவருக்குக் கேட்கும்படி, மண்ணைப் பார்த்து.

கொங்கிறீற் தூண் அறுபது வேணும்.
காசு இருபத்திரண்டோடு நின்றுவிட்டது.
மிச்சத்துக்குக் கிளுவங்கதியால்,
முள்ளுக்கம்பி மூன்று வரி.
நாலாவது வரி தைப்பொங்கலுக்குப் பிறகு.

இந்தக் காணிக்கு முதல் வேலி
எங்களுடையதல்ல.
மிதிவெடி எடுக்க வந்தவர்கள் போட்டது:
மஞ்சள் நாடா, தலை சிவந்த குச்சிகள்,
மண்டையோடு கீறிய பலகை.
அந்த மூன்று வருடமும்
ஒரு கதியால் நகரவில்லை.
தேங்காய் விழுந்தாலும்
எடுக்க ஆள் வரவில்லை.
மண்ணுக்கு அப்படியொரு மரியாதை.

பலகை இன்னும் இருந்தது,
விற்றவர் வீட்டுக் கோழிக்கூட்டுக்கு மூடியாக.
கேட்டு வாங்கி, எச்சம் கழுவி,
செவ்வாய் இரவு கிழக்கு மூலையில் கட்டினேன்.
கட்டும்போது சிரிப்பு வந்தது.
படுத்த பிறகு வரவில்லை.

விடியப் பார்த்தால்
பூலோகநாதரின் ஆடுகள் உள்ளே,
பலகைக்கு நேர் கீழே,
கதியாலில் அப்போதுதான் விட்ட துளிரை
நிதானமாய்க் கடித்தபடி.

தயாபரன் மட்டும் வெளியே நின்றான்.
சைக்கிளை விட்டு இறங்கவேயில்லை.
மூன்று கிழமையாய்
அவன் தோண்டிய குழிகள்தான் எல்லாம்.
"தெரியும் அக்கா, ஒண்டுமில்லை எண்டு தெரியும்.
ஆனா அதைக் கழட்டுங்கோ."

கழட்டினேன்.
கட்டுக்கம்பி பெருவிரலைக் கிழித்தது.
பலகையைக் குப்புறப் போட்டு
மேலே சீமெந்துப் பை வைத்தேன்.
அவன் இறங்கி,
ஒன்றும் பேசாமல் ஆடுகளைத் துரத்திவிட்டு,
இருபதாவது தூணுக்கு நூல் பிடித்தான்.

கல் இன்னும் கிடைக்கவில்லை.
அவருடைய விறகுக் குவியலுக்குக் கீழே
இருந்தாலும் இருக்கும்.
சேவையரை இன்னொருதரம் கூப்பிட
உண்டியலில் காசு போடுகிறேன்.

பின்னேரம் பூலோகநாதர் வந்தார்.
வெறும் மூலையைப் பார்த்தார்.
"ஏன் பிள்ளை கழட்டிப்போட்டாய்?
வடிவாத்தானே இருந்தது."

சொல்லும்போது
அவருடைய செருப்பு நுனி
நாலு விரல்
என் காணிக்குள்.