குத்துமதிப்பாக

லியபாயாவில், துறைமுகத்தை ஒட்டிய பள்ளியில்
நவம்பர், செவ்வாய்க்கிழமை, இரண்டாம் பாடவேளை.
பால்டிக் காற்று தகரக் கூரையைப் பிடித்து உலுக்குகிறது.
இருபத்தேழு பிள்ளைகள், இருபத்தேழு படிவங்கள்.
பென்சில் எங்கள் செலவு.

கேள்வி பதினான்கு:
சென்ற வாரம், சராசரியாக ஒரு நாளில்
எத்தனை மணி நேரம் திரை பார்த்தாய்?
எண்ணிப் பார்த்து எழுதவும்.

எண்ணிப் பார்க்கிறார்கள்,
சிலர் விரல் விட்டு, சிலர் மோட்டுவளையைப் பார்த்து.
ஜன்னலோரம் மதாரா
பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்து
அதில் ஒன்றைக் கழித்து எழுதுகிறாள்.

"கழிவறையில் பார்த்தது சேருமா?"
ரோலண்ட்ஸ் கேட்க, வகுப்பே சிரித்தது.
சேரும் என்றேன்.
அவன் சிரிக்காமல் அழித்துவிட்டு
வேறு எண் எழுதினான்.

"தம்பி பார்க்கிறான், நான் முதுகைக் காட்டிக்கொண்டு
வீட்டுப்பாடம் போடுகிறேன், அது?"
"பைக்குள் பாடிக்கொண்டே வருகிறதே, அது?"
"தூங்கிப்போனேன், படம் ஓடியது, அது?"
என் வழிகாட்டிக் குறிப்பு மூன்று பக்கம்.
மூன்றிலும் இல்லை.
தோன்றியதை எழுது என்றேன்.
தோன்றியதை எழுதினார்கள்.
அதற்குத்தான் நாங்கள்
தசமப் புள்ளி வைத்து இரண்டு இலக்கம் தருகிறோம்.

ஒருவன் இருபத்தாறு என்று எழுதியிருந்தான்.
பொய்யில்லை.
விளையாட்டு ஒரு திரையில், அரட்டை ஒரு திரையில்,
இரண்டையும் கூட்டியிருக்கிறான்.
இருபத்துநான்கைத் தாண்டினால் விதிப்படி அடித்துவிட வேண்டும்.
அடித்தேன்.

மதியம், ஆசிரியர் அறையில், பீட்ரூட் சூப்பின் வாசனைக்கு நடுவே
பெற்றோர் கையெழுத்திட்ட பதினொரு ஃபோன்கள்.
ஃபோன் தானே வைத்திருக்கும் கணக்கைப்
பிள்ளையின் கணக்குக்குப் பக்கத்தில் எழுத வேண்டும்.
மூன்று என்றவளுக்கு ஆறேகால்.
நாலு என்றவனுக்கு நாலு, அதிசயம்.
எட்டு என்று எழுதிய எஸ்தெரேவுக்கு
இரண்டுகூட நிறையவில்லை.
வீட்டில் வாங்கும் திட்டின் நீளத்தை
மணிக்கணக்காக மாற்றியிருப்பாளோ என்னவோ.

எவர்ட்ஸ், வயது பதினான்கு.
படிவத்தில் பூஜ்யம். வட்டமாக, அழுத்தி.
ஃபோனில் ஒன்பது மணி நாற்பது நிமிடம்.
ஒரு நாள் இல்லை, ஏழு நாளும்.
இரவு பத்துக்குத் தொடங்கி விடியும்வரை
ஒரே எண்ணுக்கு வீடியோ அழைப்பு.

நான் கேட்கக் கூடாது. அதுவும் விதி.
ஃபோனை வாங்க வந்தவன் அவனாகவே சொன்னான்,
வாசலைப் பார்த்துக்கொண்டு.
அம்மா அயர்லாந்தில், காளான் பண்ணையில்.
எங்களுக்குப் பத்தென்றால் அவளுக்கு எட்டு.
சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைப்பாள்.
என்னுடையது தலையணையில், கவிழ்த்து.
பேச மாட்டோம். என்ன இருக்கிறது பேச.
இருமினால் கேட்கும்.
காலையில் அவள் பூட்ஸ் மாட்டும் சத்தத்துக்குத்தான் எழுந்திருப்பேன்.
"நான் எதையும் பார்க்கவில்லையே" என்றான்.

பூஜ்யத்துக்கும் ஐந்நூற்றெண்பது நிமிடத்துக்கும் உள்ள தூரத்தை
ரீகாவில் ஒருவர் சிவப்பில் சுழிப்பார்.
சுயமதிப்பீட்டுப் பிழை, மிகப் பெரியது,
வரைபடத்தில் ஊரை விட்டுத் தள்ளி நிற்கும் ஒற்றைப் புள்ளி.
குறிப்புக்கென்று இரண்டு விரல் அகலத்தில் ஒரு கட்டம் உண்டு.
அதில் எழுதினேன்:
பையன் சரியாக எண்ணியிருக்கிறான்.
எண்ணியது எதை என்று எழுத இடம் போதவில்லை.

திரும்பும்போது டிராமில் கூட்டமில்லை.
கேள்வி பதினான்கை என்னிடமே கேட்டுக்கொண்டேன்.
மூன்று. குத்துமதிப்பாக.
மூன்றரை வைத்துக்கொள்ளலாம், வேலைக்காகப் பார்ப்பதையும் சேர்த்தால்.
சரிபார்க்க ஃபோனை எடுத்தேன்.

நிமிர்ந்தபோது
நான் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டி
கடைசி நிறுத்தமும் வந்து,
ஓட்டுநர் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார்.