முன் இடது

ஐப்பசி பிறக்க நாலு நாள் இருக்கையில்
வாரியக் குடியிருப்பின் மூன்றாம் மாடியிலிருந்து
மழை டயர்களை உருட்டி இறக்கினேன்.
படிக்கொரு தும்மல் போட்டு நாலும் இறங்கின.
இரண்டாம் மாடி ஸ்டெல்லா கதவைத் திறந்து
"ரமணன் வேலையெல்லாம் உனக்கெதுக்கு" என்று
மூடிக்கொண்டாள்.

வெயிலுக்கு வழுக்கை போதும்.
தண்ணீர் நிற்கிற மாதங்களுக்குத்தான்
ஆழமாய் வெட்டிய இந்த நாலும்.
பணக்காரப் பழக்கம் என்பான் ஸ்டாண்டில் தணிகாசலம்.
ஜீவா சுரங்கப்பாதையில்
பிரேக்கை மிதித்தும் நிற்காமல்
பஸ்ஸின் முதுகுவரை மிதந்து போனவனைக் கேட்டால்
இது எந்தப் பணம் என்று சொல்வான்.
நான்தான் அது.

சாக்கை அவிழ்த்தால் சாக்பீஸ் எழுத்து:
மு.இ., மு.வ., பி.இ., பி.வ.
இஸ்ரவேலின் கை.
'இ'யின் சுழியை மட்டும் எப்போதும்
கொஞ்சம் அதிகமாய்ச் சுழிப்பான்.

கத்திவாக்கம் நெடுஞ்சாலைக் கடையில்
நீலச் சட்டைப் பையில் வாலன்டினா என்று தைத்திருந்தது.
மாட்டி முடித்து, "அலைன்மென்ட்டும் பாத்துடும்மா" என்றேன்.
"டயர் மாத்துனா கோணம் மாறாதுண்ணா.
அது வண்டியோடது, டயரோடது இல்ல."
"அப்ப வேணாமா?"
"இன்னா ரோட்ல ஓட்றீங்க?"
"மணலி."
"ஏத்துங்க."

நாலு சக்கரத்திலும் நாலு கவ்வி.
திரையில் என் வண்டி
யாரோ வரைந்த மாதிரி சுத்தமாய் நின்றது,
இடப்பக்க எண் மட்டும் சிவப்பு.
அவள் அதைப் பார்க்கவில்லை.
முன் இடது டயரின் மேல் உள்ளங்கையை ஓட்டினாள்.
உள்ளே போகையில் வழவழ,
வெளியே வருகையில் ரம்பம்.
"இது இந்த வண்டில தேஞ்சது இல்லியேண்ணா."
"இதே வண்டிதான்."
"அப்ப ஓட்டுனது வேற ஆளு."

பகல் அவன், ராத்திரி நான்.
தங்கச்சி வீட்டுக்காரன்.
கடன் இரண்டு பேர் தலையில், ஆர்.சி. ஒருவன் பேரில்.
எதிரே கன்டெய்னர் வந்தால்
தாரை விட்டு மண்ணில் இறங்கி வழி கொடுப்பான்.
நான் இறங்க மாட்டேன், ஹாரன் அடிப்பேன்.
தை மாதம் இந்த நாலையும் கழற்றிச் சாக்கில் கட்டினோம்.
மாசியில் எஃப்.சி. செலவுப் பேச்சு.
பதினெட்டாயிரம்.
சாவியை ஃபிரிட்ஜின் மேல் வைத்துவிட்டுப் போனான்.
வெயில் டயருக்கு
அவனை அவ்வளவாய்த் தெரியாது.

கீழே குனிந்து டை ராடின் நட்டை
அரைச் சுற்று, பிறகு அதில் பாதி.
சிவப்பு பச்சையானது.
ஈரத்துணியோடு வந்தவள் எழுத்தைப் பார்த்து நின்றாள்.
"அழிஞ்சிடும்ணா, பெயின்ட்ல எழுதிடட்டுமா?"
வேண்டாம் என்றேன்.
நானூற்றைம்பது.

"இனிமே இஸ்துகினு போவாது."
போகவில்லை.
ஆனால் சுங்கச்சாவடி தாண்டுமுன்னே
இரண்டு முறை நடுக்கோட்டைத் தொட்டுவிட்டேன்.
எட்டு மாதமாய் இடப்பக்கம் இழுத்த வண்டியை
என் கை வலப்பக்கம் பிடித்தபடி இருந்திருக்கிறது,
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.
இப்போது இழுக்க ஆளில்லை,
கை மட்டும் பிடிக்கிறது.

நாற்பதைத் தாண்டியதும் முன் இடதில் ஒரு சத்தம்.
கோணம் திருந்தினாலும்
தேய்ந்தது தேய்ந்ததுதான்,
கொஞ்ச நாள் முனகும் என்று சொல்லித்தான் அனுப்பினாள்.
ம்ம்ம் என்று
கதை கேட்கிறவன் கொட்டுகிற மாதிரி.

மணலிப் பக்கம் வானத்தில்
ஆலையின் தீ நாக்கு சாய்ந்திருந்தது.
கண்ணாடியில் முதல் தூறல்.
எதிரே கன்டெய்னர், இரண்டு விளக்கும் என் மேல்.
பழக்கம், ஹாரன் அடித்தேன்.
அவனும் அடித்தான்.
ம் என்றது டயர்.