பதிப்பு எண்

கிளைபேடா துறைமுகத்தில் பனிக்கட்டி மிதக்கும் பிப்ரவரி.
அடுத்த படகு எப்போது என்று கேட்கிறவனுக்கு
எங்கள் சர்வர்
மணியைச் சொல்லும் முன்
தன் பேரைச் சொல்கிறது,
பதிப்பு எண்ணை,
எதை வைத்து ஓடுகிறது என்பதை,
கேட்கத் தெரிந்தவனுக்கு
இன்னும் அடைபடாத ஓட்டை எது என்பதையும்.

வில்னியஸ் தணிக்கைக்காரர்
ஒரே வரி எழுதியிருந்தார்:
வாயை மூடச் சொல்லுங்கள்.

ஒரு வரி சேர்த்தேன். மறுபடி ஏற்றினேன்.
அப்படியே உளறியது.
முன்னால் நிற்கும் ப்ராக்ஸி வேறு
தன் பங்குக்கு ஒன்றை ஒட்டி அனுப்புகிறது:
விகாந்தஸ் வேலையை விட்டுப் போகுமுன்
எதற்காகவோ வைத்தது.
அதையும் வெட்டினேன்.

ஆறாம் முயற்சியில் எண் போனது.
பேர் போகவில்லை.
அதையும் எடுக்க வேண்டுமென்றால்
தனி மாட்யூல் சேர்த்துத் திரும்பக் கட்டவேண்டும்.
மணி ஏழரை.
இருந்துவிட்டுப் போகட்டும்.

போன வருஷம் முழுக்க நானும்தான்
ரொட்டிக்கடையில், பல் மருத்துவரிடம்,
மீட்டர் பார்க்க வந்த பையனிடம்கூட
அவன் போன தேதி,
எடுத்துப்போன ஒற்றை நாற்காலி,
இரவில் எனக்கு விழிப்புத் தட்டும் நேரம்.
அவர்கள் கேட்டதென்னவோ
கம்பு ரொட்டியா, வெள்ளையா என்றுதான்.

கடைசிப் படகில்
கம்பியோரம் வந்து நின்றவள்
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டு
கை நீட்டினாள், தன் பேரைச் சொல்லி.

ரிமாந்தே, என்றேன்.

அடியில் பனி உடைகிற சத்தம்.
அவள் இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள்.