ஒன்பதாவது கேள்வி

லோமேயில், கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு உள்ளே
என் கடை.
தகரக் கூரை, ஒரு மின்விசிறி, மூன்று நாற்காலி.
வாசல் பலகையில் பிரெஞ்சில் 'பொறுமை' என்றிருக்கும்.
முன்பு கடை வைத்திருந்தவள் எழுதியது.
அழிக்கப் பெயிண்ட் வாங்க முடியவில்லை.

ஒரு தலை பின்ன ஐந்து மணி நேரம்.
முதல் மணியில் விலையைப் பேசுவார்கள்.
இரண்டாவதில் மாமியாரை.
மூன்றாவதில் குரல் இறங்கும்.
முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லையே,
என் விரல்கள் பின்னால்,
அவர்கள் சொல் முன்னால்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து எஸ்ஸோஹானம் வந்தான்.
தாதி. சட்டைப் பையில் மூடி தொலைந்த பேனா,
அதன் அடியில் எப்போதும் ஒரு நீலக் கறை.
"என்னிடம் மருத்துவர் இல்லை,
உங்களிடம் நாற்காலி இருக்கிறது" என்றான்.

மூன்று நாள் பயிற்சி, மதியம் மீனும் சோறும்.
தாடி வைத்த நாவிதர் ஒருவர்
அழும் மனைவியாக நடித்தார்.
சிரித்தோம்.
பிறகு அவர் நிஜமாகவே அழுதார்,
யாருக்கும் நாற்காலியை எங்கே நகர்த்துவதென்று தெரியவில்லை.

அறிவுரை சொல்லாதே என்றார்கள்.
அதுதான் சிரமம்.
ஜெபம் பண்ணு, இன்னொரு பிள்ளை பெறு,
அவனை விட்டுத் தொலை
என்று பழகிய வாய் இது.

ஒரு தாள் தந்தார்கள். ஒன்பது கேள்வி.
தூக்கம் வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா...
எட்டையும் சடைக்குச் சடை நுழைத்துவிடலாம்.
ஒன்பதாவது:
சாக வேண்டும் என்று தோன்றியதுண்டா.

கேட்டால் வழி காட்டியதாகிவிடாதா என்றேன்.
"வழி தெரியாமலா இருக்கிறார்கள்" என்றான்.

ரீசார்ஜ் விற்கும் கஃபுயியிடம்
எட்டு வரைக்கும் கேட்டேன்.
சிரித்தாள். மீதியை நீயே வைத்துக்கொள் என்றாள்.
அந்தக் காசில் சோப்பு வாங்கினேன்.
சோப்பு தீர்வதற்குள்
செய்தி வந்தது.

மவுவேனா வந்தது ஹர்மட்டான் புழுதிக் காலத்தில்.
முக்காட்டை அவிழ்க்க மாட்டேன் என்று
கொஞ்ச நேரம் அடம்பிடித்தாள்.
இடது காதுக்கு மேலே
காசளவு வெறுமை.
உதிர்ந்த இடம் அல்ல, பிடுங்கிய இடம்.
அது எனக்குத் தெரியாதா?
வகிடு எடுத்த சீப்பை அங்கேயே நிறுத்தினேன்.

மூன்றாம் மணியில் மின்சாரம் போயிற்று.
விசிறி நின்றதும்
தெருவே காது தீட்டிக்கொண்டது போலிருந்தது.
குனிந்து, அவள் காதுக்கு மட்டும்,
ஒன்பதாவதைக் கேட்டேன்.

"தினமும்" என்றாள்,
மீன் என்ன விலை என்று கேட்டதற்குச் சொல்வது போல.

எஸ்ஸோஹானத்துக்குப் போன் செய்தேன்.
அவன் வண்டியில் பெட்ரோல் இல்லை,
வாடகை மோட்டார் சைக்கிளில் வருகிறானாம்.
அதுவரைக்கும்?

பாதித் தலையோடு எவளும் தெருவில் இறங்க மாட்டாள்.
இந்தத் தொழிலில் எனக்கு நிச்சயமாய்த் தெரிந்த ஒன்று அது.
ஆகவே
பின்னினேன், அவள் பார்க்காதபோது அவிழ்த்தேன்,
கோணல் என்று பொய் சொன்னேன், திரும்பப் பின்னினேன்.
என் இருபது வருடத்தில்
இவ்வளவு மோசமாக ஒரு தலையை நான் பின்னியதில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள் ஒரு சமயம்.
"என்ன?"
"அவிழ்க்கிறாய்."
எழுந்திருக்கவில்லை.

அவன் புழுதியோடு வந்தான்,
ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் முழங்கால் உயரத்துக்கு உட்கார்ந்தான்.
அவர்கள் பேசியது என் காதில் விழுந்தது.
இங்கே எழுதமாட்டேன்.

மாத்திரை, வியாழக்கிழமை, அவள் அக்கா வீடு,
மறுபடி வியாழக்கிழமை.
நடுவில் ஒரு வாரம் வரவில்லை,
அந்த வாரம் நான் யார் தலையிலும் நேராக வகிடெடுக்கவில்லை.

நேற்று வந்தாள்.
முந்தைய கூலி இன்னும் பாக்கி.
காதுக்கு மேலே தொட்டுப் பார்த்தேன்:
முடி வந்திருக்கிறது,
விரலுக்குத் தெரிகிற அளவு,
பின்னலுக்குப் பிடிபடாத அளவு.

அதைச் சுற்றிப் பின்னினேன்.