எட்டுக்கு ஆறு

சிம்மக்கல்லில் என் ஃப்ளெக்ஸ் கடையில்
வாழ்த்துகளுக்கெல்லாம் ஒரே ஃபோல்டர்.
சிங்கம், சிறுத்தை, கிரீடம், மின்னல்,
வானத்திலிருந்து கொட்டுகிற பூ.
காதுகுத்துத் தாய்மாமனும் வள்ளல்,
கவுன்சிலரும் அதே வள்ளல்.
பெயரை மட்டும் மாற்றுவேன்.

கருமாத்தூர் இன்னாசி
ஊன்றுகோலை மேசையில் சாய்த்துவிட்டு
எட்டுக்கு ஆறு என்றான்.
யாருக்கு?
மொக்கராசுக்கு.

லீக்கில் லெஃப்ட் கார்னர். டிவியில் பார்த்திருக்கிறேன்.
ஏலத்தில் அவன் விலை ஏறிய அன்று
உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் வெடி போட்டார்கள்.
அந்தப் பேனரும் நான் அடித்ததுதான். சிறுத்தை.

"வள்ளல்னு போட்ருவமா?"
"வள்ளல்னா வேட்டி துண்டோட நிக்கணும்ணே.
அவன் டவுசர்ல நிக்கான்."

பிறகு சொன்னான்.
செக்கானூரணி மண்ணில் ராத்திரி ஆட்டம்.
இவன் பாடிப் போனான்,
அவன் கணுக்காலைப் பிடித்தான்.
உடம்பு திரும்பியது, முட்டி திரும்பவில்லை.
தென்னமட்டை ஒடிகிற சத்தம்
மைக்கிலேயே கேட்டதாம்.
விதிப்படி சரியான பிடி.
ஒரு பாயிண்ட் அவர்களுக்கு.

அண்ணாநகர் ஆஸ்பத்திரியில் சவ்வு ஆப்பரேஷன்.
அம்மா தோட்டைக் கழற்றிக்கொண்டு
பில் கட்டப் போனால்
கட்டியாச்சும்மா என்கிறாள் கவுண்டர் பெண்.
அதற்கப்புறம் பதினாலு மாசம்
அஞ்சாந்தேதி காலையில் போனில் ஒரு 'டிங்'.
அவன் புனேயில் ஆடினாலும், ஜெய்ப்பூரில் ஆடினாலும்,
தோள் இறங்கி பெஞ்சில் உட்கார்ந்திருந்த
மூன்று மாசமும்.
ஒரே ஒரு தடவை ஏழாந்தேதி.
'லேட்டாயிருச்சு மாப்ள.'
அந்த மெசேஜைக் காட்டினான்.
அதற்குமேல் இரண்டு பேரும்
எதுவும் எழுதிக்கொள்ளவில்லை.

படம் தேடினேன்.
எல்லாவற்றிலும் மொக்கராசு
எவன் காலையாவது பிடித்துக் கிடக்கிறான்.
தொழில் அப்படி.
கும்பிட்டபடி நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை.
இன்னாசி தன் போனிலிருந்து ஒன்றை அனுப்பினான்:
ட்யூப்லைட் வெளிச்சம், புழுதி,
பல்லைக் கடித்த ஒரு முகம்,
பிடிக்குள் ஒரு கால்.
அது இவன் கால்.

"இதையா போட?"
"இதத்தாண்ணே."
"கீழ என்ன எழுத?"
"பிடிச்ச கை விடல. அம்புட்டுத்தான்."

முக்கால்வாசி இறங்கியிருக்கும்,
மொக்கராசு கூப்பிட்டான்.
எவன் போய்ச் சொன்னானோ.
ஸ்பீக்கரில் குரல் இரைந்தது.
"டேய், எங்கக்கா செயினு இன்னும் அடகுல கெடக்குடா.
இதப் பாத்தாருன்னா மாமா என்னைய என்ன கேப்பாரு?
கிழிச்சுப் போட்ரு. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."
இன்னாசி பதில் பேசவில்லை.
நானும் மெஷினை நிறுத்தவில்லை.
கொடுத்தவனுக்குப் பயம், வாங்கியவனுக்குப் பிடிவாதம்,
நடுவில் நாற்பத்தெட்டு சதுர அடி
மை காயாமல் ஊர்ந்துகொண்டிருந்தது.

தை மாசம் கருமாத்தூரில் போட்டி.
எனக்கும் சொல்லியிருந்தான், போனேன்.
ஸ்கோர் மேசைக்கு மேலே
நாலு மூங்கிலில் வெயிலுக்கு ஒரு கூரை.
வெளியிலிருந்து பார்த்தால்
கண் கூசுகிற வெறும் வெள்ளை.
அதனடியில் சிறப்பு விருந்தினர் மொக்கராசு
சம்பங்கி மாலை கழுத்தை அரிக்க உட்கார்ந்திருந்தான்.
ஒன்றியச் செயலாளர் பேச்சை முடிக்கிறபாடில்லை.
கழுத்தைச் சொறிந்தபடி அண்ணாந்தான்.

அண்ணாந்தவன் கொஞ்ச நேரம் குனியவில்லை.

பிறகு மேசைக்கடியில்,
பக்கத்தில் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தவனின்
நல்ல காலைப் பார்த்து ஒரு மிதி மிதித்தான்.
"மெதுவாடா" என்றான் இன்னாசி,
நோட்டிலிருந்து தலையெடுக்காமல்.

மாமா எதிரே மூன்றாவது வரிசையில்
பட்டாணி கொறித்துக்கொண்டிருந்தார்.

இன்னாசி எனக்குத் தரவேண்டிய பாக்கி முந்நூறு.
அன்றைக்குக் கேட்கவில்லை.
கேட்பேன்.