பாளை மார்க்கெட், கடை எண் ஏழு

மாதத்தின் இரண்டாம் வியாழன் காலை ஏழரைக்கு
தங்கபுஷ்பத்தின் கடை முன் நிற்பேன்.
வாங்க அல்ல, கேட்க.
நாட்டுத் தக்காளி, நடுத்தரம், ஒரு கிலோ.
போன மாதம் கேட்ட அதே ரகம், அதே கடை, அதே வாய்.
"எழுதிக்கோங்க, எண்பது."
அழுகல் கழித்தா, கழிக்காமலா
என்று கேட்பதும் என் வேலைதான்.
"நான் அழுகலையும் சேத்துத்தான வாங்குதேன்,
அத உங்க ஆபீசுல எங்க எழுதுவிய?"

அதற்குக் கட்டம் இல்லை.

எண்பது என்று தட்டியதும் கைக்கணினி சிவக்கிறது.
இவ்வளவு ஏறினால் அது நம்பாது,
காரணம் கேட்கும்.
மழை என்று ஒரு தெரிவு உண்டு,
லாரி வரவில்லை என்று ஒன்று.
தெரியாது என்று இல்லை.
மழை என்று அமுக்கிவிட்டு நகர்கிறேன்
பல்லாரிக்கு, கத்தரிக்கு, ஒரு முழம் பிச்சிக்கு,
ஜங்ஷனில் முடிவெட்டும் கூலிக்கு.
எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு
ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை வைத்திருக்கிறார்கள்.
தங்கபுஷ்பத்தின் தராசில் நிற்காத எடை.

என் வீட்டுக்காரர் நயினாருக்குப் பேட்டையில்
தகரக் கூரையின் கீழ் மூன்று லேத்.
பம்பு மோட்டாருக்கு வெண்கல புஷ் கடைகிறார்.
மைக்ரோமீட்டரை எடுக்கும் முன்னே
விரலால் தடவிச் சொல்வார்,
"ரெண்டு பாயிண்டு கூடுதல்."
அவர் கடைவது எதுவும் என் கூடையில் இல்லை.
புஷ்ஷை யார் வாங்கிக் குழம்பு வைக்கிறார்கள்?

என் எண்பது மேலே போகிறது,
ஊர் ஊராய் எழுதிய எண்பதுகளோடு கூடி
ஓர் எண்ணாகிறது.
அந்த எண்ணை மேசையில் வைத்து ஆறு பேர் பேசுகிறார்கள்.
பிறகு ஒருநாள் மத்தியானம்
வண்ணார்பேட்டைக் கிளையிலிருந்து போன் வருகிறது.
"வட்டி இருபத்தஞ்சு பாயிண்ட் கூடியிருக்கு சார்."
நயினார் சிரித்துவிட்டார்.
"இருபத்தஞ்சு பாயிண்டு கூடினா
நான் அந்தப் பீசத் தூக்கிக் கழிவுல போட்டுருவேன்."

கோயம்புத்தூர்க்காரர் கேட்கிறார்:
சீனாப் பீஸ் நாற்பத்தொன்றுக்கு வந்து இறங்குது,
நீங்க என்ன சொல்றீங்க?
நயினார் சிகரெட் அட்டையின் பின்பக்கம் கணக்குப் போடுகிறார்.
வெண்கலம் தண்டாக வந்தால் வரி கூடுதல்,
கடைந்து புஷ்ஷாக வந்தால் குறைச்சல்.
"அப்பம் என் கை வேலைக்கு என்ன வெலை வச்சிருக்கானுவ?"
தொலைக்காட்சியில் ஒருவர்
உற்பத்தியின் போட்டித்திறன் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.
மணி ஏழு. அந்நேரத்துக் கரண்டுக்குக் கூடுதல் கட்டணம்.
போட்டியிட வேண்டியவர்
லேத்தை அணைத்துவிட்டு வந்து
அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோசையைப் பிட்டபடி கேட்டார்,
"அடுத்த வியாழன் எழுவதுன்னு போடேன்."
விளையாட்டுக்குத்தான்.
நானும் சிரித்தேன்.
படுத்த பிறகு யோசித்தேன்:
ஆயிரக்கணக்கான எண்களில் என் பத்து ரூபாய் ஒரு தூசு,
எதையும் அசைக்காது.
ஆனால் தங்கபுஷ்பம் எண்பது என்று சொன்னது
வேறு எங்குமே பதிவாகியிருக்காது.

அடுத்த வியாழன் நான் பொய் சொல்லத் தேவைப்படவில்லை.
"இருவத்திரெண்டு" என்றாள், பெட்டியைக் காலால் தள்ளி.
"நேத்து ஒருத்தன் வேனோட கொண்டாந்து
வாடகைக்குக் கூட ஆவலன்னு
ரோட்டோரமாக் கொட்டிட்டுப் போயிட்டான்."
கைக்கணினி மறுபடி சிவந்தது.
இறங்கினாலும் அது நம்பாது.

வட்டி இறங்கவில்லை.
தக்காளி மட்டும் இறங்கினால் போதாதாம்,
மேலாளர் பொறுமையாக விளக்கினார்,
காத்திருந்து பார்ப்பார்களாம்.
நயினார் நாற்பத்திரண்டரை என்று எழுதி அனுப்பியிருக்கிறார்.
பதில் வரவில்லை.
மூன்றாவது லேத்தின் மேல் சாக்கு போர்த்தியிருக்கிறது.
அதில் நின்ற பிச்சாண்டி
இப்போது கங்கைகொண்டானில் காவல் வேலை பார்க்கிறான்.

இரவு பத்துக்கு மேல் கரண்டு மலிவு.
நயினார் சைக்கிளில் பேட்டைக்குக் கிளம்புகிறார்.
தூக்குவாளியில் தக்காளிச் சோறு.
கிலோ இருபத்திரண்டு,
அழுகலையும் சேர்த்து வாங்கியது.