நான்கு நிமிடம் இருபது நொடி

தார்த்துவில் பிப்ரவரி. மைனஸ் பதினான்கு.
அன்னெலின் அடுக்ககத்தின் ஒன்பதாம் மாடி.
கதவைத் திறந்ததுமே ரேலிக்கா சொன்னாள்:
“மறுபடி நின்றுவிட்டது.”

திரையில் ஒரு பனிச்சறுக்கு வீரன்,
இறக்கத்தின் பாதியில்,
கோல்கள் இரண்டும் பின்னால் விரிய,
வாயருகே மூச்சு வெண்பஞ்சாய் ஒட்டியபடி.

“சேனல் மாற்றினால் வரும். பிறகு நிற்கும்.”

மாற்றினேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.
அவள் காபி வைத்தாள்.
நான்கு நிமிடம் இருபது நொடி.
இன்னொரு முறை: நான்கு, இருபது.
கெட்டுப்போன எதுவும்
இத்தனை ஒழுங்காய்க் கெடாது.

இருநூற்று முப்பத்தொன்பதில் தொடங்கும் அந்த எண்
யாருடைய வீடும் இல்லை.
எந்தப் பெட்டியும் அதைத் தன் நெற்றியில் எழுதிக்கொள்வதில்லை.
“எனக்கும் வேண்டும்” என்று கை தூக்கியவர்களுக்கு
கை தூக்கியிருக்கும் வரை உள்ள விலாசம் அது.
தண்டோரா என்றால் எல்லாக் காதிலும் விழும்.
கடிதம் என்றால் ஒரே கைக்குப் போகும்.
இது பந்தி.
ஒரே உலை; இலை போட்ட இடத்தில் மட்டும் சோறு.
சமைத்தவனுக்குச் சாப்பிட்டவன் பெயர் தெரியாது.

பரிமாறுவது, டிவிக்குப் பின்னே தூசியில் கிடக்கும்
எட்டுத் துளை ஸ்விட்ச்.
எந்தத் துளையில் கை உயர்ந்தது என்று
ஒட்டுக்கேட்டுக் குறித்துவைக்கும்.
இருநூற்று அறுபது நொடிக்குள்
அதே குரல் மறுபடி கேட்காவிட்டால்
பெயரை அடித்துவிடும்.
டிவியோ
கேட்டால்தான் பதில் சொல்லும் ரகம்.

கேட்பது யார்?

“பழைய ரவுட்டர் எங்கே?”

ரேலிக்கா கரைந்துபோன சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.
“தார்வோ எடுத்துப் போய்விட்டான். அவன் வாங்கியது அது.
அப்புறம் ரொட்டி வெட்டும் கத்தி.”

நூற்று இருபத்தைந்து நொடிக்கு ஒருமுறை
யாராவது இருக்கிறீர்களா என்று
அது கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது,
நள்ளிரவிலும்,
இவர்கள் பேசாமல் சாப்பிட்ட நாட்களிலும்.
புதியது வெள்ளையாய், அழகாய் இருக்கிறது.
கேட்பதில்லை.

உவமை சொல்ல எனக்குக் கூலி இல்லை.
வந்த செலவு, ஒரு மணி நேர வேலை,
ரசீதில் அவ்வளவுதான்.

“பிரிண்டர் மட்டும் எப்படி வேலை செய்கிறது?”
“அதன் எண் வேறு. இருநூற்று இருபத்துநான்கு, பூஜ்யம், பூஜ்யம்.
அந்த வகையை ஸ்விட்ச் தடுக்காது.
மை தீர்ந்தாலும் தன் பெயரை
வீடு முழுக்கச் சொல்லித் திரியும்.”
“தெரியும். ‘தார்வோவின் பிரிண்டர்’ என்றுதான்
என் ஃபோனில் வருகிறது.”
“மாற்றட்டுமா?”
ஜன்னலில் படிந்த பனியை நகத்தால் சுரண்டினாள்.
“மை வாங்கும்போது பார்க்கலாம்.”

லேப்டாப்பில் ஸ்விட்சைத் திறந்தேன்.
மூன்று பக்கம் தள்ளி ஒரு சின்னக் கட்டம்.
டிக் அடித்தேன். இனி ஸ்விட்சே கேட்கும்.

காபி ஆறியது. நான்கு நிமிடம்.
இருவரும் பந்தயத்தை விட்டுவிட்டுக்
கடிகார முள்ளைப் பார்த்தோம்.
பதினெட்டு. பத்தொன்பது. இருபது.
இருபத்தொன்று.
திரையில் யாரோ நீட்டிய புளூபெர்ரி சூப்பைத்
தாடியெல்லாம் கொட்டிக்கொண்டு
ஒருவன் குடித்தபடி ஓடினான்.

கையெழுத்துப் போடும்போது கேட்டாள்:
“டிவியை அணைத்துவிட்டால்?”
“பட்டியல் காலியாகும்.”
“கேள்வி?”
“அது வந்துகொண்டுதான் இருக்கும்.”
“நல்லது,” என்றாள்.
எது நல்லது என்று நானும் கேட்கவில்லை.

லிஃப்ட் வேலை செய்யவில்லை.
ஏழாம் மாடியில் ஒரு கதவுக்குப் பின்னால்
அதே வர்ணனையாளரின் குரல்.
ஐந்தாம் மாடியிலும்.
மூன்றாவதில் அரை நொடி பிந்தி.